வளித் துணிக்கை எண்ணியும் அதன் பராமரிப்பும்

இரணைமடுக் குளத்தின் நீர்மட்டத்தைக் காட்டும் அளவுகோலின் அருமையை அறியாத விவசாயி கிளிநொச்சியில் இல்லை. சிறுபோகத்தில் எத்தனை ஏக்கர் விதைக்கலாம் என்பது குளத்தில் நிற்கும் நீரை ஒட்டியே தீர்மானிக்கப்படுகின்றது. அக்கோலின் பூச்சியம் ஓரடி பிழைத்திருப்பின் விளையும் கேட்டை நாம் விளக்கவேண்டியதில்லை. நீருக்குப் பொருந்தும் இவ்வுண்மை நாம் சுவாசிக்கும் வளிக்கும் பொருந்துவதாம்.

2022 டிசெம்பரில் மாண்டஸ் புயல் வங்கக் கடலில் நிலவிய வேளை, இலங்கையின் பல பகுதிகளில் வளியின் தூய்மை கெட்டது. அம்மாதம் 9ஆம் திகதி பாடசாலைகள் மூடப்பட்டன. கண்ணுக்குப் புலப்படாத நுண்தூசியைப் பற்றி நாம் அறிவன யாவும் கருவிகள் தரும் எண்களே. எண் மிகுந்து பிழைப்பின் ஊர் வீணே அஞ்சும். குறைந்து பிழைப்பின் நோயாளரும் குழந்தைகளும் தீங்கை அறியாமலே சுவாசிப்பர்.

தூசித் துணிக்கைகளை எண்ணும் கருவியை 1880களின் இறுதியில் அமைத்தவர் ஸ்கொத்லாந்து அறிஞர் ஜோன் எயிற்கின் ஆவர். வளியை விரியச்செய்து குளிர்வித்து, துணிக்கைகளின்மீது நீர் படியச்செய்து, அத்துளிகளை அவர் எண்ணினார். இன்றைய கருவியிலோ லேசர் ஒளி அவ்வேலையைச் செய்கின்றது. ஒரு பம்பி வளியை உறிஞ்சுகின்றது. ஒளிக்கற்றையைக் கடக்கும் துணிக்கை ஒவ்வொன்றும் ஒளியைச் சிதறடிக்கின்றது. அச்சிதறல் மின்துடிப்பாக மாறுகின்றது. துடிப்புகளின் தொகை துணிக்கைகளின் தொகையையும், துடிப்பின் உயரம் துணிக்கையின் பருமனையும் தெரிவிக்கும்.

ஆகவே பரிசோதிக்கவேண்டியவை மூன்று. முதலாவது பூச்சியம். உள்வாயிலில் நுண் வடிகட்டியைப் பொருத்திக் கருவியை ஓடவிடுதல் வேண்டும். 5 நிமிடத்தில் ஒன்றுக்கு மேல் எண்ணுமாயின், வளிக்கசிவோ, ஒளியறையில் அழுக்கோ, மின்சுற்றில் குறையோ உண்டென்று கொள்க. இரண்டாவது பாய்ச்சல். நிமிடத்திற்கு 28.3 லீற்றர், அதாவது ஒரு கன அடி, உறிஞ்சவேண்டிய கருவி அவ்வாறே உறிஞ்சுகின்றதா எனப் பாய்ச்சல்மானியாற் காணவேண்டும்; 5 சதவீதத்துக்கு மேல் வேறுபாடு ஆகாது. மூன்றாவது பருமன். பருமன் அறியப்பட்ட பொலிசுத்தைரீன் நுண்கோளங்களை உட்செலுத்தித் துடிப்பின் உயரத்தை ஒப்பிடுவர். இது தேர்ந்த ஆய்வுகூடத்தில் ஆண்டுக்கொரு முறை செய்யத்தக்கது. முன்னைய இரண்டையும் கருவியைக் கையாள்பவரே செய்யலாம்.

இரணைமடுப் பக்கத்துக்கெனச் சில எச்சரிக்கைகளும் உள. மாரிக்காலத்து விடியற்பனியில் நீர்த்துளிகளையும் தூசியென்றே கருவி எண்ணிவிடும். ஈரத்தால் துணிக்கைகளும் பருக்கும். எனவே ஈரப்பதனையும் உடன் குறித்தல், அல்லது உள்வரும் வளியைச் சிறிது சூடாக்குதல் நன்று. அறுவடை இயந்திரம் ஓடும் வயலருகிலோ, இரு துணிக்கைகள் ஒருங்கே ஒளியைக் கடந்து ஒன்றாக எண்ணப்படும். தூசி மிக மிக எண் குறைந்து காட்டும். ஒளியறையும் மாசுபடும். பயன்படுத்தாத வேளையில் வாயிலை மூடிவைத்தல் வேண்டும். குழாய் நீளின் பெருந்துணிக்கைகள் வழியிலேயே படிந்துவிடும்; ஆதலால் அது குறுகியதாகவும் வளைவற்றதாகவும் இருத்தல் வேண்டும்.

செய்த பரிசோதனை ஒவ்வொன்றையும் திகதியுடன் குறிப்பேட்டில் எழுதிவைத்தல் இன்றியமையாதது. குறிப்பேடு இல்லாத கருவியின் எண் சாட்சி இல்லாத உறுதியைப் போன்றது.

உலக சுகாதார நிறுவனம் 2021இல், 2.5 மைக்குரோமீற்றருக்கு உட்பட்ட நுண்தூசிக்கு ஒருநாட் சராசரியாகக் கன மீற்றருக்கு 15 மைக்குரோகிராம் என எல்லை வகுத்தது. இத்துணைச் சிறு அளவைப் பேசுமிடத்துச் சிறு பிழையும் பெரிதேயாகும்.

பௌதிக ஆய்வுகூடத்தில் வேணியர் இடுக்கியைக் கையிற்றந்த எம் ஆசிரியர்கள், "முதலிற் பூச்சிய வழுவைப் பார்" என்றே தொடங்கினர். கருவிகள் மாறின, அப்பாடம் மாறவில்லை. இன்றைய மாணவரும் அதனைக் கைக்கொள்வாராக.