மடியில் கனமில்லாத விளக்கு

மடியில் கனமில்லை என்றால் வழியில் பயமில்லை என்பார்கள் பெரியோர். மலைவழிக்கு மட்டும் இந்தப் பழமொழியைச் சிறிது திருத்திக் கொள்ள வேண்டும். அங்கே விளக்கில்லாத மடிக்குத்தான் பயம் அதிகம்.

மும்பையில் குடியேறிய நம்மவர் இல்லங்கள் பலவற்றில் சனிக்கிழமை இரவுகளில் ஒரு காட்சியைக் காணலாம். மகனோ மகளோ முதுகுப் பையை மாட்டிக்கொண்டு கல்சுபாய்க்கோ ராஜ்மாச்சிக்கோ புறப்படுகிறார்கள். தாயார் இட்லியைப் பொட்டலம் கட்டித் தருகிறார்; தகப்பனார் பணம் போதுமா என்று விசாரிக்கிறார். "விளக்கு எடுத்துக் கொண்டாயா?" என்று கேட்பவர் அரிது. கேட்டாலும், "அதுதான் போன் இருக்கிறதே, அப்பா!" என்ற பதில் தயாராக இருக்கும்.

கல்சுபாய் 1,646 மீட்டர் உயரம். மகாராஷ்டிரத்தில் அதற்கு மிஞ்சிய சிகரம் இல்லை. செங்குத்தான இடங்களில் இரும்பு ஏணிகள் நாட்டியிருக்கிறார்கள். இரு கைகளும் ஏணியைப் பற்றியிருக்கையில் போனை எந்தக் கையில் பிடிப்பது? மேலும், ஆபத்து நேர்ந்தால் 112 என்ற எண்ணை அழைக்க வேண்டியதும் அந்தப் போனிலேதான். அதன் மின்சாரத்தை வெளிச்சத்துக்குச் செலவிடுவது விதைநெல்லைக் குத்தித் தின்பது போலாகும்.

பகலிலேயே திரும்பிவிடுவோம் என்று எண்ணுவோருக்கும் விளக்கு வேண்டும். ஒருவர் கால் பிசகினால் போதும், இறங்குவதற்கு இரண்டு மணி நேரம் கூடிவிடும். டிசம்பரில் ஆறு மணி சுமாருக்கு மறையும் சூரியன், அரை மணிக்குள் காட்டை இருளில் ஆழ்த்திவிடுகிறது.

கனம் என்று அஞ்ச வேண்டியதில்லை. பழைய டார்ச்சில் போடும் பெரிய ஆல்கலைன் பாட்டரி ஒன்றே சுமார் 140 கிராம். இன்று தலையில் கட்டும் சிறு விளக்கு, மூன்று ஏஏஏ பாட்டரிகளுடன் சேர்ந்தே 100 கிராமுக்குள் அடங்குகிறது. நீல ஒளி தரும் எல்.இ.டி.யைக் கண்டதற்காக அகாசாகி, அமானோ, நகமுரா ஆகிய மூவர் 2014இல் நோபல் பரிசு பெற்றனர். இந்தச் சிறு விளக்கின் வெள்ளொளி அந்தக் கண்டுபிடிப்பின் பயனே.

கடையில் லூமென் எண்ணைக் கண்டு மயங்க வேண்டாம். பாதையில் நடக்க 30 முதல் 50 லூமென் போதும். தூரத்தில் வழி தேடச் சிறிது நேரம் 200 கிடைத்தால் நன்று. குறைந்த ஒளியில் எத்தனை மணி எரியும் என்பதே முக்கியம். பெட்டியில் அச்சிட்ட மணிக்கணக்கு, பெரும்பாலும் ஒளி பத்தில் ஒரு பங்காகக் குறையும்வரை உள்ள கணக்கு என்பதையும் நினைவில் கொள்க. மழைக்காலத்துக்கு ஐ.பி.எக்ஸ். 4 என்ற குறி இருந்தால் சாரலைத் தாங்கும். 7 என்றிருந்தால் ஒரு மீட்டர் ஆழ நீரில் அரை மணி கிடந்தாலும் கெடாது.

சார்ஜ் செய்யும் விளக்கு வாடிக்கையாக நடப்பவருக்கு ஏற்றது. மாதக்கணக்கில் பையில் உறங்கும் அவசர விளக்குக்கோ, மாற்றக்கூடிய பாட்டரியே உத்தமம். ஆல்கலைன் பாட்டரி நாட்பட்டால் கசிந்து விளக்கை அரித்துவிடும், குளிரிலும் சோர்ந்துவிடும். இமயத்துக்குச் செல்வோர், தங்கள் விளக்கு ஏற்குமாயின், எடை குறைந்த லிதியம் பாட்டரியை நாடுவது நலம். பைக்குள் ஸ்விட்சு தானே அழுந்தி எரிந்துவிடாதபடி, பாட்டரிக்கும் தகட்டுக்கும் இடையே ஒரு காகிதத் துண்டைச் செருகி வையுங்கள்.

வழி தவறினால் விளக்கே குரலாகும். நிமிஷத்துக்கு ஆறு முறை மின்னச் செய்து, ஒரு நிமிஷம் நிறுத்தி, மீண்டும் அவ்வாறே செய்வது மலையேறுவோர் அறிந்த அபயக்குறி. நிமிஷத்துக்கு மூன்று மின்னல் வந்தால், உதவி செய்வோர் கண்டுகொண்டனர் என்று பொருள்.

ஆறு பேருக்கு ஒரு விளக்கு என்றால் முன்னே செல்பவருக்கு மட்டுமே வழி தெரியும். ஆளுக்கொரு விளக்கு வேண்டும். அடுத்த சனிக்கிழமை பிள்ளைகள் படியிறங்குமுன் இட்லிப் பொட்டலத்தோடு அதையும் கையில் கொடுங்கள். ஒரு முறை எரியவிட்டுப் பார்த்தே கொடுங்கள்.