நாயோடு தனுஷ்கோடி வரை

சென்னையிலிருந்து கடலோரமாகவே தனுஷ்கோடி போய்ச் சேர ஏறக்குறைய 600 கி.மீ. தம்பியும் நானும் மாறி மாறி ஓட்டினால் விடிகாலையில் கிளம்பி இரவுக்குள் ராமேஸ்வரம் சேர்ந்துவிடலாம். பின் இருக்கையில் செம்பி இருந்தால் அதே தூரத்துக்கு ஐந்து நாள் வைத்துக்கொள்கிறோம். செம்பி, தெருவிலிருந்து குட்டியாக எடுத்து வளர்த்த நாட்டு நாய். ஏழு வயது, 18 கிலோ. இந்தப் பாதையில் எங்களோடு மூன்று முறை வந்திருக்கிறாள்.

முதல் முறை எங்கள் வசதிக்குத் திட்டம் போட்டோம். உச்சிவெயிலில், தனுஷ்கோடியைத் தாண்டிய அரிச்சல்முனைத் தார்ச்சாலையில் அவளை இறக்கிவிட்டோம். நாலு எட்டு வைத்தவள் நின்று கால்களை மாற்றி மாற்றித் தூக்கினாள். இரவு அறையில் பார்த்தால் முன்னங்கால் இரண்டிலும் பாதத் தோல் கொப்புளித்து உரிந்திருந்தது. பத்து நாள் நொண்டினாள். அதிலிருந்து கிலோமீட்டரைப் பார்த்துத் திட்டம் போடுவதை விட்டுவிட்டு வெயிலைப் பார்த்துப் போடுகிறோம்.

நாய்க்கு நம்மைப் போல் உடம்பெல்லாம் வியர்க்காது. நாக்கைத் தொங்கப்போட்டு இரைத்துத்தான் சூட்டை வெளியே தள்ளும். கடலோரக் காற்றில் ஈரம் அதிகம் என்பதால் இரைத்தும் பலன் குறைவு. காற்று வீசுகிறதே என்று நமக்கு இதமாக இருக்கும் வேளையில் அது தவித்துக்கொண்டிருக்கும். அதனால் செம்பிக்குக் கடற்கரை என்பது காலை 6 மணியிலிருந்து 8.30 வரை, மாலை 5 மணியிலிருந்து இருட்டும் வரை. நாளுக்கு நாலு மணி நேரம்கூட இல்லை. இந்த நேரத்தை எந்தெந்தக் கரையில் செலவழிப்பது என்பதை முதலில் எழுதிவிடுங்கள். சாலை, சாப்பாடு, அறை எல்லாவற்றையும் அதற்கு ஏற்றபடி அமைத்துக்கொள்ளலாம். மணல் சுடுகிறதா என்ற சந்தேகம் வந்தால் புறங்கையை அதில் வைத்து ஏழு எண்ணுங்கள். கையை எடுக்கத் தோன்றினால் நாயை இறக்காதீர்கள்.

அடுத்து மாதம். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழையும் புயலும். சித்திரை, வைகாசியில் கத்திரி வெயில். போதாததற்குக் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது, மீனும் கிடைக்காது, கிடைத்தாலும் விலை ஏறியிருக்கும். எல்லாம் பார்த்தால் தோதானவை தையும் மாசியும்தான். பொங்கல் கூட்டம் வடிந்த பிறகு கிளம்புவது நல்லது. தை அமாவாசை எந்தத் தேதி என்று காலண்டரில் பார்த்துக்கொள்ளுங்கள். அன்று ராமேஸ்வரத்தில் மனிதர் நிற்கவே இடம் இருக்காது. நாகூர் கந்தூரி ஆண்டுக்கு ஆண்டு முன்னே நகர்ந்து வரும், அதையும் பாருங்கள்.

நாய்க்கு ஏற்ற இந்த மாதங்கள்தான் கடலாமைகள் கரையேறும் மாதங்களும். ஜனவரி முதல் மார்ச் வரை, ஏப்ரலிலும் கொஞ்சம், பங்குனி ஆமைகள் இரவில் வந்து மணலைத் தோண்டி நூறு முட்டைக்கு மேல் இட்டுவிட்டுப் போகும். குஞ்சு வெளிவர 45 முதல் 55 நாள். அதற்குள் மோப்பம் பிடித்துக் குழியைக் கிளறுவதில் நாயை மிஞ்ச ஆள் இல்லை. சென்னையில் 1988 முதல் மாணவர்கள் இரவெல்லாம் கடற்கரையில் நடந்து அந்த முட்டைகளைப் பொறிப்பகத்துக்குக் கொண்டுபோய்க் காப்பாற்றி வருகிறார்கள். 2025 ஜனவரியில் சென்னை, செங்கல்பட்டுக் கரைகளில் நூற்றுக்கணக்கான ஆமைகள் செத்து ஒதுங்கியதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், மிஞ்சியிருக்கும் ஒவ்வொரு குழியும் எவ்வளவு முக்கியம் என்று. எனவே இருட்டிய பின் செம்பியைக் கடற்கரைக்கு அழைத்துப் போவதில்லை. விடிகாலையிலும் ஐந்து மீட்டர் நீளக் கயிறு அவள் மார்ப்பட்டையில் இருக்கும். அலையோரமாக ஓட அந்த நீளம் தாராளம்.

நாள் குறித்ததும் கால்நடை மருத்துவரிடம் போக வேண்டும். கிளம்புவதற்கு மூன்று வாரம் முன்பே போங்கள். வெறிநாய்க்கடித் தடுப்பூசியோ எலிக்காய்ச்சலுக்கான ஊசியோ விட்டுப்போயிருந்தால் போட்டு, அது வேலை செய்ய அவகாசம் வேண்டும். உண்ணிக்கு மருந்து, காரில் வாந்தி எடுக்கும் நாய் என்றால் அதற்கு மாத்திரை, இரண்டையும் அப்போதே வாங்கிவிடலாம். ஊசி போட்ட புத்தகத்தின் ஒவ்வொரு பக்கத்தையும் செல்போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வழியில் பெரிய சிகிச்சை தேவைப்பட்டால் புதுச்சேரி குரும்பாப்பேட்டையிலும் தஞ்சை மாவட்டம் ஒரத்தநாட்டிலும் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. இடையில் உள்ள ஊர்களில் அரசு கால்நடை மருந்தகம்தான். அங்கே மாடும் ஆடும்தான் பெரும்பாலும் வரும் என்றாலும் முதலுதவிக்குத் தயங்காமல் போகலாம்.

அறை பிடிப்பதில்தான் அதிகம் ஏமாறுவோம். இரண்டாவது பயணத்தில் ஓர் ஊரில், தொலைபேசியில் “நாய்தானே, கூட்டிட்டு வாங்க சார்” என்று சொன்ன விடுதியில் இரவு ஒன்பது மணிக்குப் போய் நின்றபோது, வாசலில் கட்டிப்போடலாம், உள்ளே விட முடியாது என்றார்கள். அன்றிரவு மூவரும் காரிலேயே படுத்தோம். இப்போது நான் கேட்கும் கேள்விகள் வேறு. நாய் எங்களோடு அறைக்குள் படுக்கலாமா? தரைத்தளத்தில் அறை உண்டா? வளாகத்தில் உங்கள் நாய் அவிழ்ந்து திரியுமா? கூடுதலாக எவ்வளவு? பதிலை வாட்ஸ்அப்பில் எழுதி வாங்கிக்கொள்கிறேன். பெரிய விடுதிகளைவிட, வீட்டுக்காரரே நடத்தும் ஹோம்ஸ்டேக்களில் மரியாதை கிடைக்கிறது. நாங்களும் எங்கள் போர்வையை விரித்துத்தான் செம்பியைப் படுக்க வைப்போம். கிளம்புமுன் அறையைப் பெருக்கி, உதிர்ந்த முடியை அள்ளிக் கொடுப்போம். அடுத்து நாயோடு வருகிறவருக்கும் அந்தக் கதவு திறக்க வேண்டுமே.

மூட்டை கட்டுவது பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வழக்கமான தீனி, தட்டு, பழைய துண்டு நான்கு, உண்ணி எடுக்கும் இடுக்கி, கழிவை அள்ளக் காகிதப் பை, கழுத்துப்பட்டையில் உங்கள் செல்போன் எண். தண்ணீரில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். குடிக்க நாளுக்கு மூன்று லிட்டரும், கடலில் நனைந்தபின் கழுவ பத்து லிட்டர் கேனும் எங்கள் கணக்கு. தாகத்தில் கடல்நீரைக் குடித்தால் நாய்க்கு வாந்தியும் பேதியும் வரும். அதிகம் குடித்தால் உயிருக்கே ஆபத்து. கால்மணிக்கு ஒருமுறை கூப்பிட்டு நல்ல தண்ணீர் காட்டினால் அலையில் வாய் வைக்காது.

முதல் நாள் அதிகாலை 4.30-க்குக் கிளம்பிவிடுவோம். முந்தைய இரவுச் சாப்பாட்டோடு நிறுத்திவிட்டு, வெறும் வயிற்றில் ஏற்றினால் வாந்தி இருக்காது. மார்ப்பட்டையைப் பின் இருக்கை பெல்ட்டில் மாட்டுகிறோம். மடியில் வைத்து ஓட்டுவதும் ஜன்னல் வழியே தலையை நீட்ட விடுவதும் வேண்டாம். மாமல்லபுரத்தில் நிற்பதில்லை, சிற்பங்கள் இருக்கும் வளாகத்துக்குள் நாயை விடமாட்டார்கள், கடற்கரையிலும் நெரிசல். நேராகக் கடப்பாக்கத்தில் திரும்பி ஆலம்பரைக் கோட்டைக்குப் போய்விடுவோம். சென்னையிலிருந்து ஏறக்குறைய 100 கி.மீ. இடிந்த கோட்டை, அதற்குக் கிழக்கே கழிமுகம், அப்பால் மணல். காலையில் வலை இழுக்கிறவர்களைத் தவிர யாரும் இருப்பதில்லை. வெயில் ஏறுமுன் அவளைக் கழுவித் துவட்டி, மரக்காணம் உப்பளங்களைத் தாண்டி, பத்து மணிக்குள் புதுச்சேரி. மாலை ஆறிலிருந்து மறுநாள் காலை ஏழரை வரை அங்கே கடற்கரைச் சாலையில் வண்டி விடமாட்டார்கள். நாயோடு நடக்க அதைவிட நல்ல சாலை இந்தக் கரையில் இல்லை.

மீனவர் குப்பங்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே மணல் என்பது அவர்கள் முற்றம். வலை காய்வதும் கருவாடு உலர்வதும் அங்கேதான். தரங்கம்பாடியில் டேனிஷ் கோட்டைக்குக் கீழே இறங்கியபோது வலை பின்னிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர், “தம்பி, அந்தப் பக்கமா கூட்டிப் போங்க, இங்க நம்ம பசங்க இருக்கானுங்க, விடமாட்டானுங்க” என்றார். பசங்க என்று அவர் சொன்னது படகு நிழலில் படுத்திருந்த ஆறு நாய்களை. கரையில் பிறந்து வளர்ந்த நாய்களுக்கு அது அவற்றின் எல்லை. நம் நாயைத் தூக்கிக்கொண்டு ஓடினால் பாய்ந்து வரும். கயிற்றைத் தளர்த்தாமல், வேகம் காட்டாமல் வளைந்து விலகிவிட வேண்டும். இறங்குமுன் அங்கே உள்ளவர்களிடம் “எந்தப் பக்கம் போகலாம்ணே?” என்று கேட்டாலே பாதிச் சண்டை இல்லை.

அதே மணலில் இன்னொரு ஆபத்து, வலையிலிருந்து உதறிப்போட்ட மீன். பேத்தை மீனின் ஈரலிலும் தோலிலும் இருக்கும் நஞ்சுக்கு மாற்று மருந்தே கிடையாது. காய்ந்து கிடந்தாலும் நஞ்சு போகாது. கெளுத்தியின் முள் தொண்டையில் தைத்தால் அறுவை சிகிச்சைதான். சொறி மீன் செத்து ஒதுங்கியிருந்தாலும் மூக்கில் பட்டால் எரியும். நீளக் கயிற்றைவிடப் பயன்படுவது ‘விடு’ என்ற ஒரு சொல்லுக்குப் பழக்குவது. பயணத்துக்கு ஒரு மாதம் முன்பே வீட்டில் கருவாட்டுத் துண்டை வைத்துச் சொல்லிக்கொடுக்கத் தொடங்குங்கள். விட்டதும் அதைவிட நல்ல தீனி ஒன்று கையிலிருந்து கிடைக்க வேண்டும்.

சாப்பாட்டில் இந்தப் பாதையை மிஞ்ச முடியாது. சிதம்பரத்தில் இட்லிக்குக் கத்தரிக்காய் கொத்சு, நாகூரில் அரிசி மாவோடு வெங்காயமும் இறாலும் சேர்த்துப் பொரித்த வாடா, ராமநாதபுரத்தில் நண்டு, கொஞ்சம் வழி விலகிக் கீழக்கரை போனால் தேங்காய்ப்பாலில் கிண்டிய தொதல். ஒருவர் உள்ளே சாப்பிட, மற்றவர் வேப்பமர நிழலில் செம்பியோடு இருப்பார்; பிறகு மாறிக்கொள்வோம். மூடிய காரில் நாயை விட்டுவிட்டுச் சாப்பிடப் போகவே கூடாது. வெயிலில் நிற்கும் காருக்குள் பத்தே நிமிடத்தில் பத்து டிகிரி வரை சூடு ஏறிவிடும், ஜன்னலை ஒரு விரல் அளவு இறக்கி வைத்தாலும் பயனில்லை. நாகூரில் தர்காவுக்குத் தொழப் போகிறவர்களின் உடையில் நாயின் ஈரம் படாதபடி, நாங்கள் தெருமுனையிலேயே நின்று வாடாவைக் கட்டி வாங்கிக்கொள்வோம்.

நாம் தின்பதை நாய்க்குக் கொடுக்கக் கூடாது. வெங்காயமும் பூண்டும் அதன் ரத்த அணுக்களை உடைக்கும், திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கும், வெந்த மீன்முள் குடலைக் கிழிக்கும். மெஸ்ஸில் இருக்கும் அக்காவிடம், “உப்பு, மசாலா போடாம வஞ்சிரம் ரெண்டு துண்டு அவிச்சுக் குடுங்கக்கா” என்று கேட்டால் இதுவரை யாரும் இல்லை என்றதில்லை. நடுமுள்ளை எடுத்துவிட்டுச் சோற்றில் பிசைந்து வைப்போம்.

நாகப்பட்டினத்துக்குத் தெற்கே கோடியக்கரைக்கு நாயோடு போகாதீர்கள். வெளிமான்கள் உலவும் சரணாலயம் அது. நாயின் வாடையே அவற்றைக் கலைக்கும். சிதம்பரம், தரங்கம்பாடி, நாகூர் என்று இரண்டாம், மூன்றாம் நாள் போய்விடும். வேதாரண்யத்திலிருந்து முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம், மீமிசல், தொண்டி என்று நாலாம் நாள் நீண்ட சாலை. விடிகாலையிலேயே தொடங்கி நண்பகலுக்குள் ராமநாதபுரம் சேர்ந்துவிடுங்கள். வழியில் நாய் எச்சில் ஒழுக ஓயாமல் இரைத்து, ஈறு சிவந்து, தள்ளாடினால் அது வெப்பத்தாக்கு. நிழலுக்குத் தூக்கிப் போய் வயிறு, தொடை, பாதமெல்லாம் சாதாரணத் தண்ணீரை ஊற்றி விசிறுங்கள். முதலில் குளிர்வியுங்கள், அதன்பிறகு மருத்துவரிடம் ஓடுங்கள்.

அன்று மாலைக்கு அரியமான். ராமநாதபுரத்துக்கும் மண்டபத்துக்கும் இடையில், சவுக்குத் தோப்பின் நிழல் மணல் வரை வரும் கரை. இந்தப் பக்கத்தில் பாக் நீரிணையைப் பெண்கடல் என்றும் மன்னார் வளைகுடாவை ஆண்கடல் என்றும் சொல்வார்கள். வாடைக்காற்று தணிந்த மாசியில் பெண்கடல் குளம்போல் கிடக்கும். செம்பி நீந்தக் கற்றது இங்கேதான். பாதையில் உள்ள அத்தனை கரைகளிலும் நாய்க்கு உகந்தது எது என்று கேட்டால் அரியமான் என்பேன்.

அன்று இரவே, 1988-இல் திறந்த பாம்பன் சாலைப் பாலத்தைத் தாண்டித் தங்கி, ஐந்தாம் நாள் காலை ஆறு மணிக்கு வழி திறந்ததும் தனுஷ்கோடிக்குப் போங்கள். 1964 புயலில் அழிந்த ஊரைத் தாண்டி அரிச்சல்முனை வரை 2017-இல்தான் வண்டிச்சாலை வந்தது. இருபுறமும் கடல். முனையில் நீரோட்டம் கடுமை, நாயைத் தண்ணீரில் இறக்காதீர்கள். 2025-இல் தனுஷ்கோடியில் பூநாரைச் சரணாலயம் அறிவிக்கப்பட்டிருக்கிறது. எதுவரை நாயோடு போகலாம் என்று அங்கே நிற்கும் வனத்துறைக் காவலரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். எட்டரைக்கு வண்டிக்குத் திரும்பிவிடுங்கள். திரும்பி வரும்போது மதுரை, திருச்சி வழி. நாங்கள் ஓரிரவு திருச்சியில் தங்கி வருகிறோம்.

வீடு வந்ததும் நல்ல தண்ணீரில் குளிப்பாட்டி, காதுமடலின் உட்புறம், விரலிடுக்கு, வாலடி என்று விரல் விட்டு உண்ணி தேடுங்கள். உண்ணிக் காய்ச்சல் இரண்டு மூன்று வாரம் கழித்தும் தலைகாட்டும். அந்தச் சமயத்தில் நாய் தீனியை ஒதுக்கிச் சுருண்டு படுத்தால் நாளைக்குப் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். மருத்துவரிடம் கொண்டுபோய், எந்தெந்த ஊருக்குப் போய்வந்தீர்கள் என்பதையும் சொல்லுங்கள்.