அலை உடையாத இடம்

கோடை வந்தால் கடற்கரை, குளிர் வந்தால் கம்பளி. மனிதர் பொதுவாக அறிந்த முறை இதுவே. ஆனால் பனி பெய்யும் நாளில், ஆளுயரப் பலகையொன்றைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கடலை நோக்கி நடப்போரும் இவ்வுலகில் உண்டு. அவர்களைப் பித்தர் என்று சொல்லி நகர்ந்துவிடுவது எளிது. எனினும், அவர்கள் கடலோடு பழகும் முறையைச் சற்று உற்று நோக்குவோமாயின், ஒவ்வொரு குடும்பமும் அறிந்திருக்க வேண்டிய பாடமொன்று அங்கே கிடைக்கிறது.

நார்வே நாட்டின் வடபகுதியில், ஆர்க்டிக் வட்டத்துக்கும் அப்பால், ஏறத்தாழ 68 பாகை வட அட்சத்தில் அமைந்தவை லொபோட்டன் தீவுகள். அத்தீவுகளின் வெளிக்கரையில் உன்ஸ்டாட் என்னும் சிற்றூர் உள்ளது. ஊரைச் சூழ்ந்து மலைகள். முன்னே மறைப்பு ஏதுமற்ற திறந்த கடல். டிசம்பர்த் தொடக்கத்திலிருந்து சனவரித் தொடக்கம்வரை அங்கே கதிரவன் தொடுவானத்துக்குமேல் எழுவதே இல்லை. நண்பகலை ஒட்டிச் சில மணி நேரம் மங்கிய ஒளி மட்டும் பரவும். தெற்கிலிருந்து வரும் வெப்ப நீரோட்டம் அக்கடலை உறையவிடாமல் காக்கிறது. ஆயினும் குளிர்காலத்தில் நீரின் வெப்பம் 5 அல்லது 6 பாகை செல்சியசே இருக்கும்.

தோர் பிரான்சன், ஹான்ஸ் எகில் கிரானே என்னும் மாலுமிகள் இருவர் ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் அலைச்சறுக்கைக் கண்டனர். ஊர் திரும்பியதும் தங்கள் கைகளாலேயே பலகைகளைச் செய்து, 1963-இல் உன்ஸ்டாட் அலைகளில் ஏறினர். இன்று பல நாட்டு இளைஞரும் அந்த வடகோடிக்குத் தேடி வருகின்றனர்.

அலை என்பது நீர் நடந்து வருவதன்று; ஆற்றல் நடந்து வருவது. நடுக்கடலில் புயல் எழுப்பும் அலைகள் நூற்றுக்கணக்கான கல் தொலைவு கடந்து கரையை அடைகின்றன. நீரின் ஆழம் அலையின் உயரத்தைப்போல் ஏறக்குறைய ஒன்றேகால் மடங்காகக் குறையும் இடத்தில், அலையின் அடிப்பகுதி தரையால் தடைப்பட, முடிப்பகுதி முந்திக்கொண்டு கவிழ்கிறது. பாறைக் கரையில் அலை உடையும் இடம் பெரும்பாலும் மாறுவதில்லை. மணற்கரையிலோ ஒவ்வொரு புயலும் அடியிலுள்ள மணல்திட்டுகளை இடம் மாற்றிவிடுகிறது. நேற்று அறிந்த கடல் இன்று அங்கில்லை. ஆகவே, தேர்ந்த சறுக்காளர் வந்தவுடன் நீரில் குதிப்பதில்லை. கரையில் நின்று நெடுநேரம் கடலையே பார்த்துக்கொண்டிருப்பார்.

அடுத்தது குளிர். நீர் நம் உடலின் வெப்பத்தைக் காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு விரைவாகக் கவர்ந்துகொள்கிறது. இதற்கு விடை கண்டவர் அமெரிக்க இயற்பியல் அறிஞர் ஹியூ பிராட்னர். உடல் நனையாமல் இருக்கவேண்டுவதில்லை. ஆடைக்குள் அடைபட்ட நுண்ணிய வாயுக் குமிழிகள் வெப்பத்தை நழுவவிடாமல் தடுத்தால் போதும் என்று அவர் 1950-களின் தொடக்கத்தில் உணர்ந்தார். அதன்படி உருவான நியோப்ரீன் என்னும் செயற்கை ரப்பர் உடையை, 5 அல்லது 6 மில்லிமீட்டர் கனத்தில், தலைமூடி, கையுறை, காலுறைகளோடு அணிந்தே உன்ஸ்டாட்டில் இறங்குகின்றனர்.

அத்தகைய காப்பின்றிக் குளிர்நீரில் விழுபவர் நிலை என்ன? தோலில் நீர் பட்டதும் மூச்சு தானாகவே உள்ளிழுக்கப்படுகிறது. இதயம் படபடக்கிறது. அந்நேரம் வாய் நீருக்குள் இருந்தால் அதுவே முடிவாகிவிடலாம். உடல் விறைப்பதற்கு அரைமணி அளவாவது ஆகும். பலர் அதற்கு முன்பே, முதற்சில நிமிடங்களிலேயே மூழ்கிவிடுகின்றனர். ஆனால் முதல் அதிர்ச்சியோ ஓரிரு நிமிடங்களில் தணிந்துவிடும். அதுவரை கைகால்களை அடித்துக்கொள்ளாமல், மல்லாந்து மிதந்து மூச்சைச் சீராக்கிக்கொள்பவர் பிழைக்க வழியுண்டு. 

இனி, எல்லாவற்றிலும் முக்கியமானதொன்று. அலைகள் கரையில் கொண்டுவந்து குவிக்கும் நீர் எங்கே செல்கிறது? மணல்திட்டுகளுக்கு இடையே உள்ள ஆழமான வாய்க்கால் வழியாக அது மீண்டும் கடலுக்குள் விரைகிறது. இதுவே இழுப்பு நீரோட்டம். சில வேளை அது நொடிக்கு 2 மீட்டருக்கும் மேல் ஓடும். உலகப் பந்தயங்களில் வெல்லும் நீச்சல் வீரராலும் அதை எதிர்த்து முன்னேற முடியாது. வாய்க்கால் ஆழமாக இருப்பதால் அவ்விடத்தில் அலை உடைவதில்லை. இருபுறமும் நுரை பொங்க, நடுவே மட்டும் நீர் கருமையாக, அமைதியாகத் தோன்றும். அறியாதவர் அதுவே குளிக்கத் தக்க இடம் என்று எண்ணி இறங்குகின்றனர். அறிந்த சறுக்காளரோ அதையே தம்மை உள்ளே கொண்டுசெல்லும் பாதையாகப் பயன்படுத்திக்கொள்கிறார். ஒருவரைக் கொல்லும் நீரே மற்றொருவரைச் சுமக்கிறது. வேறுபாடு வலிமையில் இல்லை, அறிவில் இருக்கிறது.

இந்நீரோட்டம் வடகடலுக்கு மட்டும் உரியதன்று. அலை உடையும் மணற்கரை எங்கெல்லாம் உண்டோ, நம் கரைகள் உட்பட, அங்கெல்லாம் அதுவும் உண்டு. விடுமுறை நாளில் நண்பர்களோடு கடலில் இறங்கிய மகனைப் பிணமாகக் கண்ட தாய், “என் பிள்ளைக்கு நன்றாக நீந்தத் தெரியுமே!” என்று கதறும்போது நம்மால் விடை சொல்ல இயலுவதில்லை. அவள் சொல்வது மெய்தான். அவனுக்கு நீந்தத் தெரியும். கரை கண்ணெதிரே தெரிகிறது. அதை நோக்கியே முழு வலிமையோடும் நீந்துகிறான். நீரோட்டமோ பின்னுக்கு இழுக்கிறது. அவனை மாய்ப்பது நீரோட்டமன்று, களைப்பு. பொதுவாக அந்நீரோட்டம் ஒருவரை அடியில் அமிழ்த்துவதில்லை. வெளியே கொண்டுசெல்கிறது, அவ்வளவே. அதன் அகலமும் பெரிதன்று. எதிர்த்துப் போராடாமல் மிதந்து, கையை உயர்த்தி உதவி கேட்டு, இயலுமானால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, அலைகள் உடையும் இடத்தை அடைந்தால், அந்த அலைகளே கரைக்குத் தள்ளிவிடும்.

பெற்றோரே, கடலுக்குப் போகாதே என்று தடுப்பதோடு நம் கடமை முடிந்துவிடுவதில்லை. இன்று தடுத்தாலும் நாளை போவார்கள். எனவே மூன்று செய்திகளைப் பிள்ளைகளுக்குச் சொல்லி வைப்போம். இறங்குமுன் கடலைக் கூர்ந்து பார். அலை உடையாத அமைதியான இடைவெளியை நம்பாதே. இழுக்கப்பட்டால் எதிர்க்காதே; மித, பக்கவாட்டில் செல். மூழ்குபவனைக் காப்பாற்றத் தானும் குதித்து மாண்டவர் பலர் என்பதால், கயிற்றையோ காற்றடைத்த ரப்பர் வளையத்தையோ எறிவதே முறை என்பதையும் சேர்த்துச் சொல்வோம்.

உன்ஸ்டாட் கரையில் நெடுநேரம் கடலைப் பார்த்து நின்ற சறுக்காளர், சில நாள்களில் பலகையை நனைக்காமலே வீடு திரும்புகிறார். ஆயிரம் கல் கடந்து வந்தவராயினும் அதற்காக அவர் நாணுவதில்லை. இன்று வேண்டாம் என்று திரும்பிச் செல்லும் அந்தத் துணிவையும் நம் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுப்போமாக.