தொட்டிக்குள் ஒரு சுற்றம்

கொசத்தலையாறு வங்கக் கடலோடு கலக்கும் எண்ணூர் முகத்துவாரத்தை ஒட்டி அமைந்த மீனவர் குடியிருப்பு நெட்டுக்குப்பம். ஆற்றின் நன்னீரும் கடலின் உவர்நீரும் கலந்து பெருகும் இத்தகைய கழிமுகங்களே செத்தைக்கெண்டை, செல்லக்காசு என்னும் இருவகை மீன்களுக்கும் தாயகமாகும். முன்னதைக் கேரளத்தார் கரிமீன் என அழைப்பர். 2010ஆம் ஆண்டில் அதனைத் தம் மாநில மீனாகவும் அறிவித்தனர். பின்னதை வண்ணமீன் வணிகர் ஆரஞ்சு குரோமைடு என விற்பர். இல்லந்தோறும் மீன்தொட்டி இடம்பெற்றுவரும் இந்நாளில், எம்மீனை எம்மீனோடு சேர்த்து வளர்க்கலாம் என மாணவர் வினவுவதுண்டு. விடை காண, நம் கழியின் இவ்விரு மீன்களிலிருந்தே தொடங்குவோம்.

செல்லக்காசு ஏறத்தாழ 8 செ.மீ. அளவே வளரும். செத்தைக்கெண்டை 20 செ.மீ. வரை வளர்வது இயல்பு. அதனினும் பெரியனவும் உண்டு. 1970களில் இவற்றை ஆராய்ந்த ஜாக் வார்டு, ரிச்சர்டு வைமன் ஆகியோர் வியப்பூட்டும் ஓர் உறவைக் கண்டனர். பெரிய மீனின் துடுப்பிலும் உடலிலும் பற்றிய ஒட்டுண்ணிகளைச் சிறிய மீன் கொத்தித் தின்கிறது. பெரியதும் அதற்கு இசைந்து நிற்கிறது. ஆனால் இனப்பெருக்கக் காலத்தில் இதே சிறிய மீன் பெரியதன் முட்டைகளையும் குஞ்சுகளையும் தின்ன முற்படுகிறது; பெற்றோர் அதனை விரட்டுகின்றனர். ஆகவே இவற்றை நண்பர் என்பதா, பகைவர் என்பதா? காலமும் இடமும் அறியாமல் கூற இயலாது என்பதே சரியான விடை.

‘இது சாது, இது முரடு’ என்று கடைகளில் சொல்லப்படும் ஒற்றைச் சொற்கள் நம்மை ஏமாற்றுவது இவ்விடத்தில்தான். வண்ணமீன் வளர்ப்புக்குப் பெயர்பெற்ற கொளத்தூருக்குச் சென்று, புலிக்கோடுகள் கொண்ட டைகர் பார்ப் மீன்கள் இரண்டை வாங்கிவந்து, ஏஞ்சல் மீனோடு விடுகிறோம் எனக் கொள்வோம். சில நாள்களில் ஏஞ்சலின் நீண்ட துடுப்புகள் கிழிந்து தொங்கும். பார்ப் பொல்லாதது என்று பழிப்போம். உண்மையில் அது கூட்டமாக வாழப் பிறந்தது. எட்டுப் பத்து மீன்கள் சேர்ந்திருந்தால் தமக்குள்ளேயே துரத்தி விளையாடி, யார் மேல் யார் கீழ் எனத் தீர்த்துக்கொள்ளும். இரண்டே இரண்டு இருக்கும்போது அந்த வேகம் அயலானின் துடுப்பில் இறங்குகிறது. கூட்டம் பெரிதாயினும் நீள்துடுப்பு மீன்களை அதனோடு சேர்க்காமையே நன்று. செத்தைக்கெண்டையின் குஞ்சுகளும் அத்தகையனவே. இரண்டு மூன்றாக விட்டால் வலியது மெலியதை மூலையில் ஒடுக்கிவிடும். ஆறுக்கு மேல் இருந்தால் சினம் பலர்மீது பரவித் தணியும். சமூக மீனுக்கு முதல் துணை அதன் சொந்த இனமே என்பதை நாம் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம். ஆண் சண்டைமீன் மட்டும் இதற்கு விலக்கு. அது தனித்திருப்பதையே விரும்பும்.

அடுத்தது தண்ணீர். குணத்தைக் கேட்டறிவோர் பலர். நீரைக் கேட்டறிவோர் சிலரே. நியான் டெட்ரா அமேசான் ஆற்றுப் படுகையின் மென்னீரில் தோன்றியது. மோலியோ கடினநீரையும் உப்பையும் தாங்கும். இரண்டும் சண்டையிடா, எனினும் ஒரே நீர் இரண்டுக்கும் உகந்ததன்று. பொன்மீனுக்குக் குளிர்ந்த நீர் வேண்டும், கழிவும் மிகுதி. வெதுவெதுப்பான நீரை நாடும் ஏஞ்சலோடு அதனை அடைத்தல் இரண்டுக்கும் துன்பம். செல்லக்காசு நன்னீரிலும் உயிர் வாழுமாயினும் சற்றே உவர்த்த நீரில்தான் நோயின்றித் தழைக்கும். கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு உண்டு. அதில் ஆறில் ஒரு பங்கு உப்பே இதற்குப் போதும். சமையல் உப்பை விடுத்து, மீன்தொட்டிக்கென விற்கும் கடலுப்பையே பயன்படுத்துதல் வேண்டும். இந்நீரில் மோலி அதற்கு ஒத்த துணையாகும். நியானோ கோரிடோராசோ ஆகா. வடசென்னையின் பல தெருக்களில் நிலத்தடி நீர் உவர்ப்பாகவே இருப்பதால், வீட்டு நீரின் தன்மையை முதலில் அறிந்து, அதற்கேற்ற மீனைத் தேர்வதே எளிது என்பது நம் கருத்து.

வாயின் அளவையும் நோக்குதல் வேண்டும். வாய்க்குள் அடங்கும் மீன் துணையன்று, உணவு. சிறிதாக வாங்கிய ஏஞ்சல் வளர்ந்தபின் நியான்கள் ஒவ்வொன்றாகக் குறைவது இதனால்தான். செத்தைக்கெண்டைக் கூட்டத்திற்கு 4 அடி நீளமும் ஒன்றரை அடி அகலமும் உயரமும் கொண்ட தொட்டி, அதாவது ஏறத்தாழ 250 லிட்டர் நீர், தொடக்கத்திற்கே தேவை. வளர வளர அதுவும் போதாது. கழியில் துரத்தப்படும் மீன் விலகி ஓட இடம் உண்டு. (2023 டிசம்பரில் பெருவெள்ளத்தோடு எண்ணெய்ப் படலம் பரவியபோது அந்த இடமும் இல்லாமற் போனதை நெட்டுக்குப்பத்தார் மறவார்.) தொட்டியிலோ கல்லும் செடியும் நாம் வைத்தாலொழிய மறைவிடம் இல்லை.

பூனையைக் கட்டிவைத்து, உணவும் தராமல், தானே இரைதேட விடவும் செய்யாமல் சாகவிட்ட பெண்ணைப் பற்றி நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்ததை நம் மாணவர் அறிவர். கண்ணாடிச் சுவர்களுக்குள் மீனை அடைப்பவர்க்கும் அப்பொறுப்பு உண்டு. தப்ப வழியில்லாத உயிர்க்கு அருகில் யாரை விடுகிறோம் என்பதும் அதில் அடங்கும்.

புதிய தொட்டியில் மீன்களை ஒருசேர விடுதல் கூடாது. கழிவிலிருந்து எழும் அம்மோனியாவை முதலில் நைட்ரைட்டாகவும் பின்னர் நைட்ரேட்டாகவும் மாற்றும் நுண்ணுயிர்கள் பெருகச் சில வாரங்கள் ஆகும். அமைதியான சிறு மீன்கள் முதலிலும், தனக்கென எல்லை வகுத்துக்கொள்ளும் குரோமைடு போன்றவை இறுதியிலும் வருதல் நலம். முந்தி வந்தவன் முழுத்தொட்டியையும் தன் வீடெனக் கொள்வான். குழாய்நீரின் குளோரின் நீங்க ஒரு நாள் திறந்து வைத்தபின் பயன்படுத்தலாம்.

இத்தனைக்குப் பின்னும் இரு மீன்கள் ஒத்துப்போகாவிடில், இரக்கத்தால் ஒன்றைக் கொண்டுபோய் ஆற்றில் விட எண்ணுவோர் உளர். தென்னமெரிக்கச் சிப்பியொன்று எண்ணூர்க் கழியில் புகுந்து, காக்கா ஆழி என்னும் பெயரோடு அடிமண்ணில் பாய் விரித்தாற்போல் படர்ந்து, இறால் பிடிப்போரின் பிழைப்பைக் கெடுத்துவருவதை அங்குள்ள மீனவரிடம் கேட்டறியலாம். ஒவ்வாத மீனை வாங்கிய கடைக்கே திருப்பிக் கொடுங்கள்; அல்லது ஏற்ற தொட்டியுடைய நண்பரிடம் ஒப்படையுங்கள்.