தமிழ் ஏன் முணுமுணுக்குது?

தம்பியின் கல்யாணப் பத்திரிகைக்கு மாதிரி அச்சு வந்த அன்று அம்மாதான் முதலில் கையில் வாங்கினார். கண்ணாடியை ஏற்றினார், இறக்கினார், பிறகு சன்னலோரம் போய் நின்றார். “இங்கிலீஷ் நல்லா பேசுது. தமிழ் ஏன்மா முணுமுணுக்குது?”

வானொலியில் பேசிப் பிழைக்கிற எனக்கு அது சுருக்கென்றது. இரண்டு மொழிக்கும் ‘12 பாயிண்ட், வரி இடைவெளி 14’ என்று எழுதிக் கொடுத்ததே நான்தான்.

பாயிண்ட் என்றால் எழுத்தின் உயரம் என்றுதான் நினைத்திருந்தேன். இல்லையாம். ஓர் அங்குலத்துக்கு 72 பாயிண்ட். ஒரு பாயிண்ட் ஏறக்குறைய 0.35 மில்லிமீட்டர். ஈய எழுத்துகளைக் கோத்து அச்சடித்த காலத்தில், எழுத்து ஒரு சின்ன உலோகக் கட்டையின் தலையில் இருக்கும். பாயிண்ட் அளந்தது அந்தக் கட்டையை. கணினி வந்து கட்டை போனது, கணக்கு மட்டும் தங்கிவிட்டது. எட்டடிக் கதவுக்குள் நுழைகிறவர்கள் எல்லாரும் எட்டடி உயரமா என்ன?

அந்தக் கட்டைக்குள் தமிழ் படும் பாடு தனி. ‘கி’க்கு மேலே கொக்கி, ‘க்’குக்குப் புள்ளி, ‘து’வும் ‘ழு’வும் கோட்டுக்குக் கீழே இறங்கும். மேலும் கீழும் இடம் விட்ட பிறகு நடு எழுத்துக்கு மிஞ்சுவது எவ்வளவு என்பது எழுத்துருவை வரைந்தவர் கையில் இருக்கிறது. அதனால்தான் அதே 12-ல் ஒன்று கணீரென்று நிற்கும், இன்னொன்று பம்மும்.

இது பழைய தலைவலி. 1713-ல் ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து தரங்கம்பாடிக்கு வந்த தமிழ் அச்செழுத்துகள் மிகப் பெரியவை. புதிய ஏற்பாட்டை அவற்றில் அச்சிட்டால் காகிதம் கட்டுப்படியாகாது. அங்கேயே சிறிய எழுத்துகளை வார்த்து 1715-ல் வேலையை முடித்தார்கள். அவர்களுக்குக் காகிதம் பிரச்சினை, எங்களுக்கு அம்மாவின் கண்.

இன்று எழுத்துரு வரைகிறவர்களில் நம் நாட்டுக்காரரும் உண்டு. 1985-ல் முரசு அஞ்சலைத் தொடங்கிய முத்து நெடுமாறன்தான் அவர். ஆப்பிள் கணினியில் ‘தமிழ் சங்கம் எம்.என்.’ என்றொரு எழுத்துரு இருக்கும், பாருங்கள். அந்த எம்.என். அவர் பெயரின் முதலெழுத்துகள்.

மறுநாள் லிட்டில் இந்தியா பக்கம் இருக்கும் அச்சுக் கடைக்கு மறுபடி போனேன். எழுத்தைத் தடிப்பாக்கச் சொன்னேன். “வேணாம்க்கா, ‘இ’, ‘ஞ’ சுழியெல்லாம் அடைச்சிக்கும்” என்றார் கணினி முன் இருந்த பையன். “நம்பரை விடுங்க, கண்ணால பாருங்க.” ஆங்கில ‘எக்ஸ்’ பக்கத்தில் தமிழ் ‘ப’வை வைத்தார். ‘ப’ ஒரு படி குட்டை. அவர் தேர்ந்த எழுத்துருவில் 14-க்கு ஏற்றியதும் இரண்டும் தோளோடு தோள் நின்றன.

அடுத்து வரி இடைவெளி. ஒரு வரி நிற்கும் கோட்டிலிருந்து அடுத்த வரியின் கோடு வரை அளப்பது அது. அந்தக் காலத்தில் வரிகளுக்கு நடுவே ஈயத் தகடு சொருகினார்கள். ஆங்கிலத்தில் ஈயம் ‘லெட்’, அதனால் இதற்கு ‘லெட்டிங்’ என்று பெயர். நான் கொடுத்த 14-ல் மேல்வரி ‘து’வின் வால் கீழ்வரிக் கொக்கியில் இடித்துக்கொண்டிருந்தது. 20 ஆக்கியதும் விலகி நின்றது. பத்திரிகை அரை அங்குலம் நீண்டது. அதற்குத் தகுந்த உறை தேடி இரண்டு கடை ஏறி இறங்கியதை இங்கே எழுதவில்லை.

புது மாதிரியை அம்மா உட்கார்ந்த இடத்திலேயே வாய்விட்டு வாசித்தார். பாதியில் குரல் நின்றது.

“யாரும்மா இந்தச் செலவன்?”

‘திருவளர்செல்வன்’ என்பதில் ‘ல’ மேல் புள்ளி இல்லை. பழைய மாதிரியை எடுத்துப் பார்த்தேன். அதிலும் இல்லை.