கத்தி படுமுன் மருந்து ஏன்?
நாய்க்கோ பூனைக்கோ சஸ்திர சிகிச்சை செய்தபின் புண்ணைச் சீழ் பிடிக்க வைக்கும் கிருமிகள், பெரும்பாலும் அப்பிராணியின் சருமத்திலேயே சாதுவாகக் குடியிருந்து, கத்தி திறந்த வழியே உட்புகுந்தவையே. ஆகையால், கிருமிகொல்லி மருந்து அவசியமான சிகிச்சைகளில், செபசோலின் போன்றதொன்றைக் கத்தி படுவதற்கு 30 முதல் 60 நிமிஷங்களுக்கு முன்பே இரத்த நாளத்தில் செலுத்தி, கிருமி நுழையும் தருணத்தில் திசுக்களில் அது நிறைந்திருக்குமாறு செய்வதே சாஸ்திர சம்மதமான முறை. தையல் முடிந்தபின் ஒரு வாரம் கிருமிகொல்லி மாத்திரை விழுங்க வைப்பதோ, வளர்ப்பவரின் மனத்துக்குச் சாந்தி தருமேயன்றிப் பிராணிக்குப் பெரும்பாலும் பயன்படாது. மருந்துக்கு அடங்காத கிருமிகளைத்தான் போஷிக்கும். ஆரோக்கியமான பெண் நாய்க்குச் செய்யும் கருத்தடை போன்ற சுத்தமான, குறுகிய சிகிச்சைக்குச் சாதாரணமாக இம்மருந்தே வேண்டியதில்லை. கத்தி படும் இடத்து ரோமத்தை முதல்நாளே மழித்தால் நுண்ணிய கீறல்களில் கிருமி பெருகுமாதலின், மயக்கம் கொடுத்தபின் மழிப்பதே உத்தமம்.