மேப்பில் பச்சை மஞ்சளானால்... உங்க ஃபிளாட்டுக்கு அடியில் என்ன இருந்தது?

'ஓ.எம்.ஆரிலிருந்து 10 நிமிடம், ஏரி வியூ, 2 பி.ஹெச்.கே, இன்றே புக் பண்ணுங்க!'

இந்த மாதிரி ஒரு விளம்பரம் இந்த வாரமும் உங்க ரீல்ஸுக்கு நடுவில் வந்து போயிருக்கும். நீச்சல் குளம் இருக்கும், ஜிம் இருக்கும், காலையில் காபி கப்போடு பால்கனியில் நிற்கும் ஒரு தம்பதியும் இருப்பாங்க. பிரவுஷரில் இல்லாதது ஒண்ணே ஒண்ணுதான். அந்த இடம் அதுக்கு முன்னாடி என்னவா இருந்தது?

வயலா இருந்திருக்கலாம், தோப்பா இருந்திருக்கலாம், மழைக்காலத்தில் மட்டும் தண்ணி நிற்கும் தரிசா இருந்திருக்கலாம். அதை 'இங்கே வீடு கட்டலாம்' என்று மாற்றியது மண் அடிச்ச லாரி இல்லை, ஒரு வரைபடம். அந்த மாற்றத்துக்கு முன்னாடி பொதுமக்கள்கிட்ட கருத்துகூட கேட்டாங்க. நீங்க பார்த்திருக்க மாட்டீங்க. நானும்தான்.

வயல் எப்படி வீட்டுமனை ஆகுது?

சென்னையையே எடுத்துக்குவோம். சி.எம்.டி.ஏ என்கிற சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம் ஊர் முழுக்க ஒரு முழுமைத் திட்டம் போட்டு வெச்சிருக்கு. இப்போது நடைமுறையில் உள்ள இரண்டாவது முழுமைத் திட்டம் 2008-ல் வந்தது. அதில் ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் ஓர் உபயோகம் உண்டு. குடியிருப்பு, வணிகம், தொழிற்சாலை, நிறுவனம், திறந்தவெளி, விவசாயம் என்று பட்டியல் நீளும். திட்ட வரைபடங்களில் பொதுவாக குடியிருப்புக்கு மஞ்சள், விவசாயத்துக்குப் பச்சை.

இங்கே நிறைய பேர் குழம்புற ஓர் இடம் இருக்கு. பட்டாவில் 'நஞ்சை', 'புஞ்சை' என்று இருப்பது வருவாய்த் துறையின் கணக்கு. மஞ்சள், பச்சை என்பது திட்டமிடல் துறையின் கணக்கு. ரெண்டும் வேற வேற. பட்டாவில் இன்னும் நஞ்சை என்று இருக்கும் நிலம் திட்ட வரைபடத்தில் குடியிருப்பாக மாறி பல வருஷம் ஆகியிருக்கலாம். 'பட்டா கிளியரா இருக்கு சார்' என்று புரோக்கர் சொல்றது பொய்யா இருக்கணும்னு இல்லை. அது பாதி பதில், அவ்வளவுதான்.

பச்சையில் இருக்கும் நிலத்தில் அடுக்குமாடி கட்டணும்னா, நில உபயோக மாற்றத்துக்கு விண்ணப்பிக்கணும். 1971-ம் வருஷத்து தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம், 32-வது பிரிவு அதுக்கு வழி கொடுக்குது. விண்ணப்பம், கட்டணம், இட ஆய்வு, பொது அறிவிப்பு, குழுமத்தின் முடிவு, கடைசியில் அரசிதழ். நிறம் மாறினதும் அதே ஏக்கரின் விலை எகிறும். மண் அதேதான், கிணறு அதேதான். பேப்பரில் ஒரு வார்த்தை மாறியிருக்கு, அவ்வளவே.

கேட்டாங்களா? கேட்டாங்க!

அந்தப் பொது அறிவிப்பு எங்கே வரும்? நாளிதழில். டெண்டர் விளம்பரங்களுக்கும் 'பெயர் மாற்றம்' அறிவிப்புகளுக்கும் பக்கத்தில், பூதக்கண்ணாடி வெச்சுப் படிக்கிற எழுத்தில். கிராமத்தின் பெயர், சர்வே எண், பரப்பளவு, இப்போதைய உபயோகம், கேட்கப்படும் உபயோகம், ஆட்சேபணையோ ஆலோசனையோ இருந்தால் இந்தத் தேதிக்குள் எழுதவும் என்ற ஒரு வரி. கெடு வாரக்கணக்குதான், மாதக்கணக்கு இல்லை.

உங்க வீட்டில் பேப்பர் வாங்குறாங்களா? வாங்கினாலும் அந்தப் பக்கத்தை அப்பாகூட திருப்பிட்டுப் போயிடுவார். படிக்கிறவங்க யாருன்னா, பக்கத்து நிலத்துக்காரர், ரியல் எஸ்டேட் ஆள்கள், விழிப்பா இருக்கும் சில நலச்சங்கங்கள். நாளைக்கு அங்கே ஃபிளாட் வாங்கப்போற நீங்களும் அந்த லிஸ்ட்டில் இல்லை, மழை வந்தா அந்தத் தண்ணியை வாங்கிக்கப்போற அடுத்த தெருக்காரரும் இல்லை. அதனால் விவாதம் எப்போ ஆரம்பிக்குது தெரியுமா? பத்தாவது மாடிக்கு கான்கிரீட் போட்ட பிறகு. அப்போ அது விவாதம் இல்லை, வழக்கு.

ரெண்டு பக்கமும் நியாயம் இருக்கு

'வயலை எல்லாம் வீடாக்கிட்டா சோறு எங்கிருந்து வரும்?' என்று ஒரு பக்கம் கேட்கிறாங்க. கேட்க வேண்டிய கேள்விதான். ஆனா சம்பளத்தில் பெரும்பகுதியை வாடகைக்குக் கொடுத்துட்டு, 11 மாத அக்ரிமென்ட் முடியும்போதெல்லாம் வயிற்றில் புளியைக் கரைக்க உட்கார்ந்திருப்பவரிடம் 'இனிமே வீடே கட்டக் கூடாது' என்று சொல்ல முடியுமா?

சொன்னாலும் கட்டுறது நிற்காது என்பதுதான் நம்ம ஊர் அனுபவம். அங்கீகாரம் பெற்ற மனை கைக்கு எட்டாதபோது, ஜனங்க அங்கீகாரம் இல்லாத மனையை வாங்கினாங்க. வயலுக்கு நடுவில் கல் நட்டு, 20 அடி ரோடு என்று சொல்லி வித்தாங்க. தமிழ்நாடு முழுக்க இது எவ்வளவு பெரிசாச்சுன்னா, 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அப்படிப்பட்ட மனைகளைப் பதிவு செய்யவே தடை போட்டது. அடுத்த வருஷம் வரன்முறைத் திட்டம் கொண்டுவந்து, ஏற்கெனவே விற்றுப்போனதை எல்லாம் கட்டணம் வாங்கிக்கொண்டு அரசே சரிசெய்ய வேண்டியிருந்தது. வாய்க்கால் இல்லாத, பூங்கா இல்லாத, கழிவுநீர் போக வழியில்லாத தெருக்கள் நிறைய அப்படி வந்தவைதான். முறையா நிறம் மாற்றி, ரோடும் பூங்காவும் ஒதுக்கிக் கட்டின இடம் அதைவிட எவ்வளவோ மேல்.

ஆக, 'மாற்றலாமா, கூடாதா?' என்பது என்னைப் பொறுத்தவரை தப்பான கேள்வி. எந்த நிலத்தை என்பதில்தான் எல்லாமே இருக்கு. அதுக்கு பள்ளிக்கரணையைவிட நல்ல பாடம் கிடைக்காது.

ஒரே சதுப்பு, ரெண்டு கோடு

மழை எச்சரிக்கை வந்தா வேளச்சேரி மேம்பாலத்தில் கார்கள் வரிசையா நிற்கிற படத்தை 2024 அக்டோபரில் நீங்களும் ஃபார்வேர்டு பண்ணியிருப்பீங்க. சிரிச்சோம். ஆனா அந்த கார்காரங்க செஞ்சது சரியான கணக்கு. அந்தப் பகுதியின் தண்ணி இயல்பா போய் இறங்குற இடம் பள்ளிக்கரணை சதுப்புநிலம். தென்சென்னைப் பகுதியில் 30-க்கும் மேற்பட்ட ஏரிகளின் உபரிநீர் அங்கேதான் வந்து சேருது. அங்கிருந்து ஒக்கியம் மடுவு, பக்கிங்காம் கால்வாய் வழியா கோவளம் முகத்துவாரத்துக்குப் போய்க் கடலில் கலக்கணும். சில பத்தாண்டுகளுக்கு முன் ஆயிரக்கணக்கான ஹெக்டேருக்குப் பரந்திருந்த சதுப்பு அது. குப்பைக்கிடங்கு, ரயில் பாதை, ஐ.டி கட்டடங்கள், அரசின் ஆராய்ச்சி நிறுவனங்கள் என்று எல்லாரும் கொஞ்சம் கொஞ்சமா எடுத்துக்கிட்டாங்க. தனியார் மட்டும் தின்னாங்கன்னு சொல்றது வசதியான பொய்.

நகரத்துக்குள்ளிருந்து அப்புறப்படுத்தப்பட்ட குடிசைவாசிகளுக்கு அரசு கட்டிக்கொடுத்த செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் குடியிருப்புகளும் இதே தாழ்வான பகுதியில்தான் இருக்கு. 2015 வெள்ளத்தில் அங்கே இருந்தவங்களுக்கு கார் நிறுத்த மேம்பாலப் பிரச்னை இல்லை. நிறுத்த கார் இல்லை.

2022-ல் இந்தச் சதுப்பு ராம்சர் தளமாக, அதாவது சர்வதேச முக்கியத்துவம் உள்ள ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. பரப்பு சுமார் 1,248 ஹெக்டேர். ஆனா காப்புக்காடு என்று வனத்துறையின் கையில் எல்லை போட்டு இருப்பது சுமார் 698 ஹெக்டேர்தான். மீதியில் பட்டா நிலங்களும் வருது. எந்தெந்த சர்வே எண் உள்ளே, எது வெளியே என்று 2025-ல் தரையில் அளந்து முடிக்காம இருந்தது. ஒரே தண்ணிக்கு ரெண்டு கோடு!

கோடு தெளிவா இல்லாட்டி என்ன ஆகும்? 2025-ல் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு, அளவீட்டுப் பணி முடியும்வரை ராம்சர் எல்லைக்குள்ளும் அதைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்கும் கட்டட அனுமதி தரக் கூடாதுன்னு சொல்லிடுச்சு. அதே வருஷம், எல்லைக்குள் வருவதாகக் குற்றம் சாட்டப்பட்ட ஓர் அடுக்குமாடித் திட்டம் உயர் நீதிமன்றம் வரை போனது. பெரிய பில்டர் மட்டும் மாட்டலை. ஒரு கிரவுண்டு மனையை எப்பவோ வாங்கிப்போட்டு, இப்போதான் பேங்க் லோன் கிடைச்சு வீடு கட்டலாம்னு பிளான் கொடுத்தவரும் சேர்ந்து மாட்டிக்கிட்டார். சதுப்பைக் காப்பாத்தணும் என்பதில் அவருக்கும் ஆட்சேபணை இல்லை. தன் மனை உள்ளேயா வெளியேயான்னு யாராவது சொன்னாப் போதும்.

உயரமா, அகலமா?

இன்னொரு வழியும் இருக்கு. புறநகரில் பச்சையை மஞ்சளாக்குறதுக்குப் பதிலா, ஏற்கெனவே மஞ்சளா இருக்கும் இடத்தில் மாடியைக் கூட்டுவது. இதை நிர்ணயிப்பது எஃப்.எஸ்.ஐ. ஒரு கிரவுண்டுக்கு 2,400 சதுர அடி. எஃப்.எஸ்.ஐ 2 என்றால், எல்லா மாடியும் சேர்த்து 4,800 சதுர அடி கட்டலாம். 2019-ன் ஒருங்கிணைந்த கட்டட விதிகளின்படி சாதாரணக் கட்டடத்துக்கு 2, உயரமான கட்டடத்துக்கு 3.25 வரை. ரோடு அகலமா இருந்து, கூடுதல் கட்டணமும் கட்டினால் இன்னும் கொஞ்சம்.

இதுக்கும் எதிர்ப்பு வரும். 'எங்க தெருவில் இப்பவே பார்க்கிங் இல்லை, தண்ணி லாரி நுழைய முடியலை' என்பாங்க. உண்மைதான். ஆனா மெட்ரோ ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் பத்து மாடி வந்தா என் வெளிச்சம் கொஞ்சம் குறையும். ஏரி வாய்க்காலில் பத்து மாடி வந்தா ஒரு ஊருக்கே தண்ணி வரும். ரெண்டையும் ஒரே தராசில் வைக்க எனக்கு மனசு வரலை.

சரி, நாம என்ன செய்றது?

வீடு வாங்கப் போறீங்கன்னா, வில்லங்கச் சான்றிதழ், தாய்ப் பத்திரத்தோடு நிறுத்திடாதீங்க. கிராமத்தின் பெயரும் சர்வே எண்ணும் இருந்தால் சி.எம்.டி.ஏ இணையதளத்தில் நில உபயோகத்தைப் பார்க்கலாம். புலப்பட வரைபடத்தை வாங்கி, மனைக்குள்ளேயோ பக்கத்திலேயோ வாய்க்கால், வண்டிப்பாதை கோடு போகுதான்னு பாருங்க. ஏற்கெனவே உபயோக மாற்றம் ஆன நிலம்னா, அந்த உத்தரவின் நகலை பில்டர்கிட்ட கேளுங்க. அதில் இருக்கும் நிபந்தனைகள்தான் முக்கியம். கேட்டதும் பேச்சை மாத்துறார்னா, கொஞ்சம் யோசிங்க. அப்புறம், நவம்பரிலோ டிசம்பரிலோ ஒருமுறை நேரில் போங்க. பக்கத்து டீக்கடையில் '2015-ல இங்க தண்ணி எது வரைக்கும் வந்துச்சுண்ணா?' என்று கேட்டால், எந்த வரைபடமும் சொல்லாததைக் கையை உயர்த்திக் காட்டிடுவார்.

உங்க ஏரியாவில் உபயோக மாற்ற அறிவிப்பு வந்திருந்தா, எழுதுங்க. எழும்பூர் தாளமுத்து நடராசன் மாளிகையில் இருக்கும் சி.எம்.டி.ஏ-வின் உறுப்பினர் செயலருக்கு, அறிவிப்பில் இருக்கும் கோப்பு எண்ணைக் குறிப்பிட்டு ஒரு கடிதம் போதும். 'வேண்டாம்' என்று மட்டும் எழுதினா ஃபைலில் ஒரு தாள் கூடும், அவ்வளவுதான். இந்த சர்வே எண்ணில் இந்த வாய்க்கால் போகுது, ரோடு இத்தனை அடிதான், கடந்த மழையில் இத்தனை நாள் தண்ணி நின்னது, இதோ தேதியோடு போட்டோ என்று எழுதுங்க. போன் கேலரியில் அந்தப் போட்டோ நிச்சயம் இருக்கும்.

ஆட்சேபணை மட்டும்தான் எழுதணும்னு இல்லை. 'இந்த இடத்தில் வீடு வரட்டும், ஆனா ரோட்டை அகலப்படுத்திட்டு வரட்டும், பூங்காவுக்கு ஒதுக்கும் 10 சதவிகித நிலத்தை வாய்க்கால் ஓரமா ஒதுக்கட்டும்' என்றும் எழுதலாம். வாடகை வீட்டில் இருப்பவங்களும் எழுதலாம். சொத்து வரி ரசீது எல்லாம் கேட்க மாட்டாங்க.

ஒரு விஷயம், இரண்டாவது முழுமைத் திட்டத்தின் இலக்கு ஆண்டு 2026. அடுத்தது 2046 வரைக்குமானது. இப்போ காலேஜில் இருக்கும் ஒருத்தர் வேலைக்குப் போய், கல்யாணம் பண்ணி, வீடு வாங்கி, லோனையும் ஏறக்குறைய கட்டி முடிக்கிற வரைக்கும் அந்த மேப்தான்.